காசநோயாளியோடு ஒரே வீட்டில் வளரும் குழந்தை: டெஸ்ட் முதலா, மருந்து முதலா? எந்த மருந்து?

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் டி.பி. என்று உறுதியானதும் பெற்றோர் கேட்பது, "பிள்ளைக்கும் தொத்தியிருக்குமா, டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்றுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அந்த டெஸ்டுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, உடனே தடுப்பு மருந்தைத் தொடங்குவதே சரி. இந்தியாவின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்வது இதைத்தான்.

காரணம் வயது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றி, மருந்தும் கொடுக்கவில்லை என்றால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது நோயாக மாறுகிறது. 10 முதல் 20 சதவீதம் பேருக்கு மூளைக்காய்ச்சலாகவோ உடல் முழுக்கப் பரவும் காசநோயாகவோ வருகிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்த ஆபத்து 5 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். நோயாக மாறுவது பெரும்பாலும் தொற்றிய முதல் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது.

கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ டெஸ்டில் 0.1 மி.லி. டியூபர்குலின் திரவத்தை முன்கைத் தோலுக்குள் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல இழுத்தால், தடிப்பின் ஓரத்தில் நுனி தட்டி நிற்கும். இரண்டு பக்கமும் அப்படி நின்ற இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் அளவு. 10 மி.மீ. இருந்தால் பாசிடிவ். எச்.ஐ.வி. அல்லது கடும் ஊட்டச்சத்துக் குறைவு இருந்தால் 5 மி.மீ. போதும். ஆனால் கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் தடிப்பே வராது. தட்டம்மை வந்து போன குழந்தைக்கும், மெலிந்த குழந்தைக்கும் வராமல் போகலாம். மருந்து அதிகம் தேவைப்படும் குழந்தைகளையே இந்த டெஸ்ட் கைவிடுகிறது. இக்ரா இரத்தப் பரிசோதனையிலும் கைக்குழந்தைகளுக்குத் தெளிவான முடிவு கிடைக்காமல் போவது உண்டு. நெகடிவ் என்று வந்த காகிதத்தைக் காட்டி மருந்தை நிறுத்துவது பெரிய தவறு.

நோய் இல்லை என்று உறுதி செய்வதை மட்டும் தாண்டிப் போகக் கூடாது. இருக்கும் நோய்க்கு ஒற்றை மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். இருமல், காய்ச்சல், சோர்ந்து விளையாடாமல் இருப்பது, கழுத்தில் கட்டி, இவற்றை விசாரிக்க வேண்டும். அங்கன்வாடி எடை அட்டையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்று மாதமாகக் கோடு ஏறவில்லை என்றால் அதுவும் அறிகுறிதான். ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. முன்பக்கப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் எடுத்தால், நெஞ்சுக்குள் வீங்கிய நெறிக்கட்டி தப்பாது. குழந்தை சளியை விழுங்கிவிடும் என்பதால், காலையில் பால் கொடுக்கும் முன் இரைப்பையிலிருந்து நீர் எடுத்துச் சோதிப்பார்கள். மலத்தையும், கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு சோதனைக்கு அனுப்பலாம்.

இனி மருந்து. ஆறு மாதம் தினமும் ஐ.என்.எச். (ஐசோநியாசிட்) என்பது பழைய முறை. கிலோவுக்கு 10 மி.கி.; 5 கிலோ குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரையில் பாதி, 10 கிலோவுக்கு ஒன்று. பிறந்த குழந்தைக்கும் கொடுக்கலாம், எச்.ஐ.வி. மருந்துகளோடும் பெரிதாக மோதாது. இதன் குறை, நீளம். 180 நாள் சொச்சம், அதுவும் ஓடியாடும் பிள்ளைக்கு. மூன்றாம் மாதத்தில் வீட்டில் அலுப்பு தட்டிவிடுகிறது. இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள்: ஒரு மாத வயதில் 4 கிலோ இருந்த குழந்தை, மருந்து முடியும்போது 7 கிலோவைத் தாண்டியிருக்கும். மாதாமாதம் எடை பார்த்து அளவை ஏற்றாவிட்டால் கடைசி மாதங்களில் பாதி மருந்துதான் போகும்.

இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு என் தேர்வு வாரம் ஒருமுறை மருந்து: ரிஃபாபென்டினும் ஐ.என்.எச்.சும், மொத்தம் 12 வேளை. 10 முதல் 15 கிலோ வரை ரிஃபாபென்டின் 300, ஐ.என்.எச். 300 மி.கி.; 16 முதல் 23 கிலோ வரை 450, 500. உணவோடு கொடுக்க வேண்டும். 2 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் இதை ஒன்பது மாத ஐ.என்.எச்.சோடு ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வார மருந்தை 88 சதவீதம் பேரும், தினசரி மருந்தை 81 சதவீதம் பேரும் முடித்தார்கள். இதன் சிரமம் எண்ணிக்கை: 15 கிலோ பிள்ளைக்கு ஒரே வேளையில் 150 மி.கி. ரிஃபாபென்டின் இரண்டு, 100 மி.கி. ஐ.என்.எச். மூன்று. பொடித்துக் குழைந்த சோற்றில் கொஞ்சமாகக் கலந்து உடனே ஊட்டிவிட வேண்டும். வாரநாள் தவறினால் நினைவு வந்த அன்றே கொடுக்கலாம், ஆனால் இரண்டு வேளைக்கு நடுவே நான்கு நாளாவது இடைவெளி வேண்டும்.

மூன்றாவது, மூன்று மாதம் தினமும் ஐ.என்.எச். 50, ரிஃபாம்பிசின் 75 மி.கி. சேர்ந்த, நீரில் கரையும் மாத்திரை. 4 முதல் 7 கிலோவுக்கு ஒன்று, 8 முதல் 11-க்கு இரண்டு, 12 முதல் 15-க்கு மூன்று. இரண்டு வயதுக்குக் கீழே இதுவே எளிது. ஆனால் இந்தியத் திட்டத்தின் 2021 வழிகாட்டுதல் முன்வைப்பது முதல் இரண்டு முறைகளைத்தான். காசநோய் சிகிச்சைக்கான மருந்துப் பெட்டியில், பைரசினமைடு என்ற மருந்தும் சேர்ந்த மாத்திரை இருக்கும். அதைத் தடுப்புக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. ரிஃபாம்பிசினோ ரிஃபாபென்டினோ கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், துணியில் கறையாகும். முதல் நாளே சொல்லிவிட்டால் பயந்து மருந்தை நிறுத்தமாட்டார்கள். எச்.ஐ.வி. மருந்துகளான நெவிராபின், லோபினாவிர் சாப்பிடும் குழந்தைக்கு ரிஃபாம்பிசினும் ரிஃபாபென்டினும் ஆகாது, ஐ.என்.எச். மட்டுமே.

எந்த மருந்தானாலும் தொடர் வாந்தி, கண் மஞ்சள், பசியே இல்லாமை வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

தாய்க்கு டி.பி. இருக்கும்போது பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஊட்டலாம். பி.சி.ஜி. தடுப்பூசியை மட்டும் மருந்து முடியும் வரை தள்ளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐ.என்.எச். அந்தத் தடுப்பூசிக் கிருமியையும் கொன்றுவிடும்.

மேலே சொன்ன எல்லாமே வீட்டிலுள்ள நோயாளியின் கிருமி சாதாரண மருந்துக்கு அடங்குவது என்ற நம்பிக்கையில்தான். ஆகவே முதல் மாத்திரைக்கு முன் பெரியவரின் ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு என்றால் இந்த மூன்றும் பயன்படாது. லெவோஃப்ளாக்சசின் ஆறு மாதம் தினமும், கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. அந்தக் கிருமி லெவோஃப்ளாக்சசினுக்கு அடங்குகிறதா என்ற சோதனையையும் கேட்டு வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.