விறுவிறுப்புக்கு மாற்றுச் சொல் தேடி வாங்கிய அகராதி

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் பின்னட்டை வாசகம் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. நாவலோ கட்டுரைத் தொகுப்போ, எதுவானாலும் நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள் பதிப்பாளர் அண்ணாச்சி பதினொரு புத்தகங்களை மேசையில் கவிழ்த்துப் பரப்பினார். பின்னட்டைகளில் ஒரே சொல்லைத் தேடிப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஒன்பதில் ‘விறுவிறுப்பு’ இருந்தது. “எல்லாமே விறுவிறுப்புன்னா வாங்குறவங்க எதைம்மா நம்புவாங்க?” என்று கேட்டார்.

அந்த ஒன்பதில் ஒன்று, ஒரு கிழவரின் கடைசி மழைக்காலத்தைப் பற்றிய கதை. மெல்ல நகரும், அருமையான கதை. பின்னட்டையை நம்பி வாங்கிய ஒருவர் நாற்பது பக்கத்தோடு நிறுத்தி, கடைக்கே வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. கதையில் ஒரு குறையும் இல்லை. நான் போட்ட சொல்தான் அவரை ஏமாற்றியிருக்கிறது.

அந்த வாரமே ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யை வாங்கினேன். 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாம் பதிப்பு, 2020இல் மூன்றாம் பதிப்பு. நான் வாங்கியது மூன்றாவது. அது வந்த அதே ஆண்டு நவம்பரில்தான், இந்த அகராதியைக் கொண்டுவந்த பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார். அட்டையைத் திறக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

ஓராண்டாக இதைப் புரட்டிவருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள். தமிழில் ஒரு பொருள், ஆங்கிலத்தில் ஒரு பொருள், அப்புறம் அந்தச் சொல் இன்றைய எழுத்தில் எப்படிப் புழங்குகிறது என்று காட்டும் வாக்கியம். என் வேலைக்கு வேண்டியது இந்த மூன்றாவதுதான். ‘லயித்து’ என்றால் என்ன என்பது எனக்கும் தெரியும். எதில் லயிக்கலாம், எதில் லயிக்க முடியாது என்பதை வாக்கியம்தான் காட்டித்தரும்.

கவனத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டிவிட்டது. எழுத எழுத அவை தாமாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்தன. கவர்கிறது, ஈர்க்கிறது, கட்டிப்போடுகிறது, சுண்டியிழுக்கிறது: இவற்றில் வேலை செய்வது கதை, அகப்பட்டுக்கொள்பவர் வாசகர். மூழ்குகிறோம், ஆழ்கிறோம், ஒன்றுகிறோம், லயிக்கிறோம்: இங்கே வாசகர் தாமே இறங்கிப் போகிறார். கிழவரின் மழைக்காலம் இரண்டாவது வகை. துப்பறியும் கதைக்குப் போடுகிற சொல்லை அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். அந்த வினைச்சொற்களை ஒவ்வொன்றாக இந்த அகராதியில் எடுத்துப் பார்த்த ஒரு மாலையில்தான் இது எனக்குப் பிடிபட்டது.

‘விறுவிறுப்பு’ மீதும் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் தேள் கொட்டினால் கடுப்பு விறுவிறுவென்று ஏறுகிறது என்பார்கள். அந்த ஏறுகிற வேகம் கதையில் இருந்தால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

சில சொற்களின் பழைய வாழ்க்கையைப் பார்க்க இந்த அகராதி போதாது. ‘தற்கால’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிடம் போக வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அநுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ‘கவர்’ என்பதை லெக்சிகனில் பார்த்தால் பறித்தல், கொள்ளையடித்தல் வரை போகிறது. ஆநிரை கவர்தல் என்று வெட்சித் திணையில் படித்தோமே, அதே கவர்தல்தான். அவ்வளவு வலுவான வினையிலிருந்து பிறந்த ‘கவர்ச்சி’யை சினிமாப் பத்திரிகைகள் உடைக்குச் சுருக்கிவிட்டன. ஒரு நல்ல வரலாற்று நூலின் பின்னட்டையில் அந்தச் சொல்லை இன்று போட முடியவில்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். ‘கவர்கிறது’ என்று வினையாக எழுதினால் மட்டும் பழைய பலம் கொஞ்சம் மிஞ்சுகிறது.

‘பிணிக்கும்’ என்பதையும் அப்படித்தான் மீட்டேன். கேட்பவரைப் பிணிக்கும் சொல் என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த சொல் அது, 643ஆம் குறள். பிணித்தல் என்றால் கட்டுதல். ஒரு மேடைப் பேச்சாளரின் உரைத் தொகுப்புக்கு அதைப் போட்டேன். அண்ணாச்சி இரண்டு முறை படித்துவிட்டு, “சரி, இது இருக்கட்டும்” என்றார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவும் எல்லா அகராதிகளையும் போல அகர வரிசைதான். சொல் தெரிந்தால் பொருள் கிடைக்கும். பொருளை மனதில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிறவர் தாமே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பழைய நிகண்டுகள் பெரும்பாலும் பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. அந்த முறையில் இன்றைய சொற்களுக்கு ஒரு நூல் என் மேசையில் இருந்தால் என் வேலை பாதியாகும். அதுவரை என் நோட்டுதான். இலங்கை வழக்குகளையும் குறியிட்டுத் தந்திருப்பதால், ஈழத்து நூல்களுக்கு எழுதும்போது நான் பலமுறை தப்பித்திருக்கிறேன்.

எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், பிழை திருத்துபவர், தமிழாசிரியர் எல்லாருக்கும் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் எடுத்தால் மட்டும் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அகராதியிலும் நான் தேடாத ஒன்றும் நோட்டில் இருக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு வந்த ஆச்சி, மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: “ஆளை அசையவிடல.” கிழவரின் மழைக்காலம் மறுபதிப்பு வரப்போகிறது. பின்னட்டையைப் புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. ஆச்சி சொன்னதை வைப்பதா, ‘ஒன்றி’ என்பதை வைப்பதா என்று மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.