கே-ஓன்!: பின்னேரத்தில் நடக்கும் பள்ளிக்கூடக் கதை

வன்னியில் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டால் சாப்பிட்ட கையோடு ரியூசன். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் கையில் பின்னேரம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ‘கே-ஓன்!’ என்ற யப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பின்னேரத்திலேதான் நடக்கிறது. ஒரு மன்ற அறை, ஒரு மேசை, தேநீர், கேக், நடுநடுவே கொஞ்சம் வாத்திய வாசிப்பு. கக்கிஃபிளையின் நாலு கட்டச் சித்திரக்கதையைக் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2009இலும் 2010இலும் இரண்டு பருவங்களாகத் தயாரித்தது. இயக்கியவர் நவோக்கோ யமாடா. நான்கு பேர் சேராவிட்டால் மெல்லிசை மன்றம் கலைக்கப்படும் என்ற நிலையில், கிற்றாரைத் தொட்டே பார்த்திராத யுய் நான்காவது ஆளாக வந்து சேர்வதுதான் தொடக்கம்.

‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று பாதியில் விடுகிறவர்கள் அதிகம். அவர்கள் கவனிக்க வேண்டியது காலக்கணக்கை. முதற்பருவத்தின் 12 அத்தியாயங்களில் இரண்டு வருடங்கள் ஓடிவிடுகின்றன. கடைசி வருடம் ஒன்றுக்கு மட்டும் இரண்டாம் பருவத்தில் 24 அத்தியாயங்கள். பிரிவு நெருங்க நெருங்கக் கதை மெதுவாகிறது. அறையைத் துப்புரவாக்குவதற்கு ஒரு அத்தியாயம், வெக்கை தாங்காமல் ஏசி கேட்டு அலைவதற்கு இன்னொன்று. கிளிநொச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து படித்த எவருக்கும் இந்த இரண்டாவது நன்றாகப் பிடிபடும். இப்படி வெறுமையாகத் தெரியும் நாட்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்ததால்தான், இரண்டாம் பருவத்தின் 20ஆவது அத்தியாயத்தில் பாடசாலை விழாக் கச்சேரி முடிந்தபின் அந்த அறையில் அவர்கள் அழும்போது எங்களுக்கும் தொண்டை அடைக்கிறது. நேராக அந்த அத்தியாயத்துக்குப் பாய்ந்து பார்த்தால் எதுவும் தோன்றாது.

யமாடா உணர்ச்சியை முகத்தில் மட்டும் காட்டுகிறவர் அல்லர். கால்களைக் காட்டுவார். தயங்கும் குதிக்கால், ஒன்றோடொன்று உரசும் சப்பாத்து. சீருடை ரிபனையும் பாருங்கள்: யுய்யின் வகுப்புக்கு நீலம், பிறகு மன்றத்தில் சேரும், ஒரு வருடம் இளையவளான அசுசாவுக்குச் சிவப்பு. நாலு நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு இருக்கும்போது, அடுத்த வருடம் யார் தனித்துப்போவார் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. கட்டடம்கூடக் கற்பனை இல்லை. ஷிகா மாகாணத்தில் 1937இல் கட்டப்பட்ட தொயோசாத்தோ ஆரம்பப் பாடசாலையின் பழைய கட்டடத்தைப் பார்த்து வரைந்தது. படிக்கட்டுக் கைபிடியில் இருக்கும் ஆமையும் முயலும் அங்கேயும் உண்டு.

பலவீனம் இசையில்தான் தொடங்குகிறது. இசை மன்றத்துக் கதை, ஆனால் பயிற்சி திரையில் மிகக் குறைவு. ஒரு சுரத்தைக் கேட்டவுடனே இனங்காணும் காது யுய்க்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று வைத்துவிட்டதால், கற்கும் பாதையின் பெரும்பகுதியைத் தொடர் தாண்டிப் போய்விடுகிறது. விரல்நுனி தடிக்கும்வரை வலிக்கும் முதல் மாதங்களும், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய ‘எஃப்’ கோர்ட் (chord) பிடிபடாமல் பலர் கிற்றாரை மூலையில் சாத்திவிடும் கட்டமும் இதில் உரிய அளவுக்கு இல்லை. இதைப் பார்த்து உற்சாகத்தோடு கிற்றார் வாங்கும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உருப்படியான பாடம் முதற்பருவத்தின் 11ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. கம்பி மாற்றாமல் துருப்பிடித்த யுய்யின் கிற்றாரைக் கடையில் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் வெக்கைக்கும் கை வியர்வைக்கும் கம்பி இன்னும் கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைக்க வேண்டும்.

இரண்டாவது குறை காசு. 250,000 யென் கிற்றார், மன்றத்துத் தோழி முகியின் குடும்பத்துக்குச் சொந்தமான கடை என்பதால் 50,000 யென்னுக்குக் கிடைக்கிறது. பயிற்சி முகாமுக்கு முகியின் மாளிகை, தேநீருக்கு முகியின் கோப்பைகள். சங்கடம் வரும் இடமெல்லாம் அந்தப் பணக்காரத் தோழி தீர்த்துவைக்கிறாள். பழைய வாத்தியம் ஒன்றுக்கே மாதக்கணக்கில் காசு சேர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த இடங்களில் கதை தூரமாகிவிடும். அதைவிட உறுத்துவது ஆசிரியை சவாக்கோ. மாணவிகளை வற்புறுத்தி வேஷ உடுப்புப் போட வைப்பதை நகைச்சுவையாக்கித் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். முதற்பருவம் 6ஆவது அத்தியாயத்தில் பேஸ் கிற்றார் வாசிக்கும் மியோ மேடையில் விழுந்து வெட்கப்படும் காட்சியும் அதே ரகம். தங்கை தம்பியோடு இருந்து பார்க்கிறவர்கள் அந்த இடத்தை ஓட்டிவிடலாம், கதைக்கு நட்டமில்லை.

பார்க்கும் முறை: யப்பானிய ஒலியும் ஆங்கில உபதலைப்பும். வசனம் எளிது, சாதாரண தர ஆங்கிலம் இருந்தால் பெரும்பாலும் விளங்கும். போன் ஒலிபெருக்கியில் பார்க்க வேண்டாம். பேஸ் கிற்றாரின் அடிக் கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில், அதாவது மிகத் தாழ்ந்த சுரத்தில் ஒலிப்பது. போனின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. அதனால் மியோவின் பங்கில் பாதி காணாமல் போய்விடும். விலை குறைந்த இயர்போன் என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயம் 24 நிமிடம். ஒரே இருப்பில் பத்தைப் பார்த்தால் சலிக்கும், நாளுக்கு ஒன்றிரண்டு போதும். 2011இல் வந்த திரைப்படத்தைக் கடைசிக்கு வையுங்கள். பட்டமளிப்பு நாளில் அசுசாவுக்காகப் பாடும் பாட்டு எப்படி உருவானது என்பதை அது சொல்கிறது. முதலிலேயே பார்த்தால் 24ஆவது அத்தியாயம் அவளுக்கு வைத்திருக்கும் பரிசை நீங்கள் முன்பே பிரித்துப் பார்த்தவராகிவிடுவீர்கள்.