எந்த மாசத்து 16 தம்பி? ஒரு நடப்பு நிகழ்வு ஆப்பும் ஒரு மாடி டெஸ்ட் பேட்ச்சும்

பத்து மாதமாக நடப்பு நிகழ்வுக் கேள்விகளுக்கென்றே இரண்டு இடத்தில் காசு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று போனில் இருக்கும் ஆப், வருடச் சந்தா 1,299 ரூபாய். இன்னொன்று மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் டெஸ்ட் பேட்ச், ஒரு தேர்வுக்கு 60 ரூபாய், கேள்வித்தாள், வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். தாள் எல்லாம் அதிலேயே அடக்கம். இரண்டின் பெயரையும் எழுதவில்லை. ஆப்பைத் திட்டப் போகிறேன், ஆனால் நண்பர்கள் வைத்திருக்கும் மற்ற ஆப்புகளிலும் இதே கோளாறைப் பார்த்திருக்கிறேன் என்பதால் ஒன்றை மட்டும் மாட்டிவிட மனசு வரவில்லை. மாடிக்காரரோ விளம்பரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஏற்கெனவே நாற்பது நாற்காலிக்கு ஐம்பது பேர் வருகிறோம், லேட்டாகப் போனால் படிக்கட்டில்தான் இடம்.

நான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதுகிறவன், இது இரண்டாவது முறை. பகலில் பார்சல் ஆபீஸ் வேலை. அதனால் உட்கார்ந்து பேப்பர் படித்துக் குறிப்பெடுக்க எனக்கு நேரம் கிடையாது, ஆப்பை வாங்கியதே அதற்காகத்தான். அந்த வகையில் அது உதவவில்லை என்று சொன்னால் பொய். மாட்டுத்தாவணி பஸ்சில் நின்றுகொண்டே ஒற்றைக் கையால் இருபது கேள்வி போட்டுவிடலாம். எழுத்து பெரிதாக இருக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் டவுன்லோடு செய்து வைத்த டெஸ்ட் ஓடுகிறது, தப்பான கேள்விகளைத் தனியாகச் சேர்த்து வைத்து மறுபடி கேட்கிறது. இந்தக் கடைசி வசதி ஒன்றுக்காகவே முதல் மூன்று மாதம் எல்லோரிடமும் வாங்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்புறம்தான் ராம்சார் வந்தது.

தமிழ்நாட்டில் எத்தனை ராம்சார் தளங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சார் ஒப்பந்தப்படி அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள், என்பது டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்கக்கூடிய கேள்வி. ஆப்பில் ஒரு டெஸ்ட்டில் 14 என்று போட்டேன், பச்சை காட்டியது. இரண்டு வாரம் கழித்து வேறொரு டெஸ்ட்டில் அதே கேள்வி, அதே 14, சிவப்பு. சரியான விடை 16 என்றது. சரி, நான்தான் தப்பாக மனப்பாடம் செய்துவிட்டேன் போல என்று 16ஐ நோட்டில் எழுதிக்கொண்டேன். எந்த டெஸ்ட்டிலும் கேள்விக்குக் கீழே தேதி இல்லை. விளக்கம் என்ற பட்டனை அழுத்தினால் 'சரியான விடை: 16' என்று மட்டும் வருகிறது. அது எனக்கே தெரியுமே ஐயா, அதுதானே மேலே பச்சையாக மின்னுகிறது.

அந்த ஞாயிறு மாடியிலும் இதே கேள்வி. விடைகளில் 20 இருந்தது, நான் 16 போட்டேன், தப்பு. கையைத் தூக்கி, "சார், ஆப்புல 16னு இருக்கு" என்றேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எந்த மாசத்து 16 தம்பி?" என்றார். மொத்த மாடியும் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பிறகு போர்டில் எழுதிக் காட்டினார். முதலில் 2002இல் கோடியக்கரை ஒன்றுதான். இருபது வருடம் அப்படியே கிடந்தது. 2022இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், கரிக்கிலி என்று வரிசையாகச் சேர்ந்து மொத்தம் 14 ஆனது. 2024 ஜனவரியில் அரியலூர் கரைவெட்டியும் நீலகிரி லாங்வுட் சோலையும் வர 16. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் திருப்பூர் நஞ்சராயனும் விழுப்புரம் கழுவேலியும் வர 18. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் வந்ததும் 20. அதாவது 14, 16, 18, 20 நான்குமே ஏதோ ஒரு நாளில் சரியான விடையாக இருந்தவை. நான் படித்தது பொய் இல்லை, பழசு. ஆப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான கேள்விகளில் எத்தனை இப்படிப் பழசாகிப் போய்க் கிடக்கின்றன என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஒரு நடப்பு நிகழ்வுக் கேள்வி பால் பாக்கெட் மாதிரி, தேதி அச்சடிக்காமல் விற்றால் வாங்குகிறவன் காய்ச்சிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தேர்வு ஹாலில் போய்க் காய்ச்சிப் பார்க்க முடியாது.

இதைவிட மோசமானது, இரண்டு நிகழ்வைக் குழப்பி ஒன்றாக்கிய கேள்விகள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கே தொடங்கப்பட்டது என்று கேட்டு விடை திருக்குவளை என்றது ஆப். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது எங்கள் ஊரில், மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. திருக்குவளையில் நடந்தது 2023 ஆகஸ்ட் 25, அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கிய நாள். 'தொடங்கிய', 'விரிவாக்கிய' என்ற ஒரே சொல்லில் ஒன்றரை மார்க் போய்விடும். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் என்பதால் அடுத்த வருடம் அதே தேதியில் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, பொருத்துக கேள்வியில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படித்தவனே தடுமாறுவான். அந்தத் தடுமாற்றத்தைப் போக்கத்தான் பயிற்சிக் கேள்வி. இங்கே பயிற்சிக் கேள்வியே தடுமாறுகிறது.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்பில் ஆங்கிலத்தில் எழுதி மெஷினில் போட்டு எடுத்த தமிழ். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து நடத்தும் கடற்படைப் பயிற்சியான வருணாவை 'வருணா உடற்பயிற்சி' என்று போட்டிருந்தார்கள். கப்பல்கள் தண்டால் எடுப்பதை நினைத்துப் பஸ்சில் தனியாகச் சிரித்தேன். 2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த ஜி20 உச்சி மாநாடு 'ஜி20 சிகரம்' ஆகியிருந்தது. சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், தேர்வில் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்று தாளிலேயே போட்டிருப்பார்கள். தமிழ் வழியில் படித்த நான் இந்த ஆப்பின் கலைச்சொல்லை நம்பிப் பழகினால் உண்மையான தாளில் இருக்கும் நல்ல தமிழே எனக்கு அந்நியமாகிவிடும்.

இன்னொன்று, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆப் எல்லாத் தேர்வுக்கும் பொதுவாகச் செய்தது. நான்கு விடைகள்தான், தப்பாகப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மார்க் பிடிக்கிறது. அது யு.பி.எஸ்.சி. முதல்நிலைக்குச் சரி. டி.என்.பி.எஸ்.சி.யில் தப்பான விடைக்கு மார்க் குறைப்பது கிடையாது; ஆனால் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் உண்டு, தெரியாவிட்டால் அதையாவது கறுப்பாக்க வேண்டும், எதையும் நிரப்பாமல் விடக் கூடாது. பத்து மாதம் தப்புக்குப் பயந்து கேள்வியைத் தாண்டிப் போய்ப் பழகிய விரல் தேர்வு நாளன்றும் தாண்டத்தான் பார்க்கும். ஒரு ஞாயிறு மாடியில் பதினோரு கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வந்து சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மார்க் குறைக்காத பரீட்சையில எதுக்குப்பா இவ்ளோ சிக்கனம்?" என்றார்.

இப்போது மாடி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நடத்துகிறார். இரண்டு ஃபேன், அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். வாரம் ஐம்பது கேள்வி, நாற்பத்தைந்து நிமிடம், கருப்பு மை பால்பாயிண்ட் பேனா, ஐந்து வட்டம் கொண்ட ஓ.எம்.ஆர். ஜெராக்ஸ். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியாக விளக்கம், அது இரண்டு மணி நேரம் ஓடும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சின்னதாக மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கிறது. பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டால் அடித்துத் திருத்திய விடையோடு வரும். ஐம்பது கேள்வியில் குறைந்தது இருபது இப்படிப் பழைய கேள்விகள்தான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, காசு வாங்கிக்கொண்டு பழசையே போடுகிறாரே என்று.

அவர் கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். 2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் பற்றி மூன்று கூற்று. மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், டெல்லி சட்டமன்றம் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு இடம் என்பது முதல் கூற்று. மாநிலங்களவைக்கும் இது பொருந்தும் என்பது இரண்டாவது. இது 128ஆவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டம் என்பது மூன்றாவது. ஆப்பில் இதே விஷயம் 'மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா எண் என்ன?' என்று ஒரு வரியாக இருக்கும், 128 என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். மாடியில் நாங்கள் பாதிப் பேர் 128ஐப் பார்த்ததும் சந்தோஷமாக மூன்றாவதையும் சரி என்று போட்டோம். 128 என்பது மசோதாவின் எண், சட்டமானபோது அது 106ஆவது திருத்தம். முதல் கூற்று மட்டும்தான் சரி.

அதோடு விடவில்லை. போர்டை அழித்துவிட்டு இரண்டு பத்தி போட்டார், இடதுபக்கம் மசோதா, வலதுபக்கம் திருத்தம். ஜி.எஸ்.டி. 122, 101. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து சதவீதம் 124, 103. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை மாநிலங்களே வைத்துக்கொள்ளும் அதிகாரம் 127, 105. கடைசியாக மகளிர் 128, 106. எல்லா மசோதாவும் சட்டமாவதில்லை, அதனால்தான் இரண்டு எண்ணும் ஒட்டாமல் போகின்றன என்று சொல்லிவிட்டு, மாநிலங்களவைக்கு ஏன் பொருந்தாது என்று எங்களையே கேட்டார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் தொகுதி அதற்கு இல்லை என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னார், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு ஞாயிறு கூடத் தவறவிடாதவர். பன்னிரண்டாவது நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போனோம். ஒரு செய்தியிலிருந்து அரசியலமைப்புப் பாடத்தில் ஒரு பக்கமே முடிந்திருந்தது.

குறைகள் உண்டு. கேள்வித்தாளின் அச்சு சில வாரம் மை தீர்ந்து வெளிறிப் போய் 3ஆ 8ஆ தெரியாது. சாருக்கு விளையாட்டு பிடிக்காது, அதனால் அந்தப் பகுதி மெலிந்துபோய் இருக்கும். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனதை எல்லோரும் கேட்டு முடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் இவர் கேட்டார். பட்ஜெட் வாரத்தில் விளக்கம் அரசியல் மேடை ஆகிவிடும். ஒரு வாரம் போகாவிட்டால் அந்தத் தாள் போனதுதான், பி.டி.எஃப். தரமாட்டார், "வந்தவனுக்குத்தான்" என்பார். வெளியூர்க்காரர்களுக்கு இது பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ரூம்மேட் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். அவனும் என்னைப் பார்த்து இதே ஆப்பை வாங்கினான், ஒரே மாதத்தில் விட்டுவிட்டான். 2023 முதல்நிலைத் தாளில் 'மேற்கண்டவற்றில் எத்தனை கூற்றுகள் சரி' என்று நிறைய வந்தன, எது சரி என்று தெரிந்தால் போதாது, ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டும், விடையிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் பார்க்கும் வித்தை அங்கே செல்லாது. எந்த விருது யாருக்கு என்று ஒற்றை வரியில் கேட்கும் ஆப் அவனுக்கு எதற்கு? அவன் இப்போது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் வெளியீடுகளையும் மத்திய அரசின் 'திட்டம்' மாத இதழையும் வைத்துக்கொண்டு கலைஞர் நூலகத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் ராத்திரிதான் வருகிறான். செலவு டீ மட்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், குரூப் 4 எழுதுகிறவர், பொது அறிவில் சுத்தமாக அடித்தளம் இல்லாதவர், பஸ்சில் ரீல்ஸ் பார்க்காமல் இருக்க ஏதாவது வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள், வருடச் சந்தா வேண்டாம். 'இன்றே கடைசி நாள்' சலுகை நான் வாங்கிய நாளிலிருந்து தினமும் கடைசி நாளாகவே இருக்கிறது, அதற்கு மயங்க வேண்டாம். எந்த ஆப்பாக இருந்தாலும் பணம் கட்டுமுன் இலவச டெஸ்ட்டில் எண்ணிக்கை கேட்கும் கேள்வி ஒன்றைத் தேடிப் பாருங்கள், ராம்சாரோ புலிகள் காப்பகமோ புவிசார் குறியீடோ எதுவாகவும் இருக்கலாம். விடைக்குப் பக்கத்தில் மாதம் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆப்புக்கு ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், மாடிக்கு நான்கு. அந்தச் சத்தம் போடும் ஃபேனை மாற்றினால் நாலரை.

ராம்சார் கேள்வியை ஆப்பில் மூன்று முறை ரிப்போர்ட் செய்தேன். மூன்று முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு பரிசீலிக்கும்' என்று பதில் வந்தது. நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன், பரிசீலித்துத்தான் இருக்கிறார்கள். 16ஐ எடுத்துவிட்டு 18 போட்டிருக்கிறார்கள்.