கருடன் நோட்டும் தேக்கா பாயும்

மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் சிங்கப்பூர் போய் வந்தேன். 2025 ஜூன் மாதம், அண்ணன் மகன் கல்யாணத்துக்காக. விமானம் நேரத்துக்கு வந்தது, கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாடும் குறையில்லை. அதையெல்லாம் யார் கேட்கப் போகிறீர்கள்! நான் சொல்ல வந்தது ஒரு ஆயிரம் வெள்ளி நோட்டைப் பற்றி (சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்போம்). அதைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் அலைந்திருக்கிறேன்.

அம்மா இன்னும் ஈசூன் வீட்டில்தான் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. நான் போய் இறங்கிய மறுநாள் ராத்திரி, சாமி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே அப்பாவின் பழைய அடையாள அட்டை, என் பள்ளிக்கூட பேட்ஜ், விபூதி வாசத்தோடு ஒரு கவர். கவருக்குள் ஒற்றை நோட்டு.

"கல்யாணத்துக்கு நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக்க. காஞ்சிபுரமே எடு."

பறவை நோட்டு! எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1976இல் வரத் தொடங்கிய வரிசை. அதில் ஆயிரம் வெள்ளி நோட்டில் செம்பருந்து படம் இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் செம்பருந்து என்று சொன்னதில்லை. கருடன்தான். கருடன் என்பதால் அம்மா நோட்டின் ஒரு மூலையில் குங்குமமும் வைத்திருந்தார்.

அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது, 1982 வாக்கில், அவருக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்தது. அப்போது அதைக் குதிரைப் பந்தயக் கிளப் நடத்திக்கொண்டிருந்தது. அடித்த காசு வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு நோட்டை உருவி ஒளித்துவிட்டார். அப்பா கேட்டதற்கு, "நீங்க சரியா எண்ணல" என்று ஒரே வார்த்தை. தான் சரியாக எண்ணவில்லை என்று நம்பியபடியேதான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

பண விஷயத்தில் நான் ஏமாளி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் மாற்றக் கூடாது, மெல்பர்ன் பேரங்காடி வளாகத்தில் இருக்கும் கூண்டில் அதைவிட மாற்றக் கூடாது, ஆஸ்திரேலிய டாலரை நோட்டாகவே கொண்டுபோய் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் சாங்கியில் இறங்கிய தூக்கக் கலக்கத்தில் ஒரு கோப்பிக்கு அட்டையைக் காட்டினேன். இயந்திரம், "ஆஸ்திரேலிய டாலரா, சிங்கப்பூர் வெள்ளியா?" என்று கேட்டது. நம்ம காசிலேயே போகட்டுமே என்று ஆஸ்திரேலியாவை அழுத்தித் தொலைத்தேன். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை நம் வங்கி போடாது, கடைக்காரரின் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துப் போடும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுக் காசைத்தான் அழுத்த வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். பேருந்திலும் ரயிலிலும் வெளிநாட்டு அட்டையைத் தட்டினால் தட்டிய ஒவ்வொரு நாளுக்கும் அறுபது காசு கூடுதல். முதல் நாள் அதையும் கொடுத்துவிட்டு, மறுநாள் அண்ணியின் பழைய ஈசி-லிங்க் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

முதலில் சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக் கடை. மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர், பார்த்தவுடன் பிடித்துவிட்டது. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது எந்த நாட்டு நோட்டு?"

அதில் தமிழில் 'சிங்கப்பூர்' என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். காட்டி என்ன பயன்? கல்லாவுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஆயிரம் வெள்ளி நோட்டு வாங்கப்பட மாட்டாது. முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் கடைக்காரர் அப்படி மறுக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தப் பெண்ணைக் கோபித்துப் பயனில்லை. ஆயிரம் வெள்ளி நோட்டுகளைப் புதிதாக வெளியிடுவதை 2021 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள். பத்தாயிரம் வெள்ளி நோட்டு 2014லேயே நின்றுபோனது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது முதல் அதிபர் யூசோப் இஷாக் முகம் போட்ட நோட்டைத்தான். அதையும் எத்தனை தடவை கையால் தொட்டிருப்பாளோ. "பேநவ் இருக்கா அக்கா?" என்றாள். கைப்பேசியிலேயே பணம் கட்டும் ஏற்பாடு. எனக்கு அது எங்கே? உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தானே. இந்தியாவின் யூபிஐயோடு பேநவ்வை 2023இல் இணைத்தார்கள், திருச்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு அது வசதி. மெல்பர்ன்காரிக்கு ஒன்றும் கிடையாது. பிறந்து வளர்ந்த ஊரில் கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக இருக்கும் அந்த க்யூஆர் படத்தின் முன்னால் நான்தான் வெளியூர்க்காரி.

அடுத்தது வங்கி. பெயர் வேண்டாம். வாசலில் பணம் போடும் இயந்திரம் இருந்தது. அம்மாவின் கணக்கில் போட்டுவிடலாம் என்று நோட்டை உள்ளே தள்ளினேன். கருடன் போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்று முறை. பின்னால் நின்ற சீனப் பெரியவர், "பழைய நோட்டு, அது திங்காது" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உள்ளே போய் வரிசை எண் எடுக்கலாம் என்றால், திரை கைப்பேசி எண்ணைக் கேட்கிறது. எட்டு இலக்கம்தான் ஏற்கும். என் ஆஸ்திரேலிய எண் பத்து இலக்கம். அங்கே நின்ற பையனிடம் சொன்னேன். "வீட்டில் யாராவது ஒருவர் எண்ணைப் போடுங்கள்" என்றான். அண்ணன் எண்ணைப் போட்டேன். என் முறை வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி, துவாஸில் வேலையில் இருந்த அண்ணனுக்குப் போனது. அவன் எனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் முறை போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து. முன்பெல்லாம் ஒரு தாளைக் கிழித்துக் கொடுப்பார்கள், உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மெல்பர்னில் என் வங்கிக் கிளையையே மூடிவிட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இல்லாத கிளையில் யாரும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க மாட்டார்களே.

ஒருவழியாகக் கல்லாவுக்குப் போனேன். அந்த ஊழியரும் சின்னப் பெண். நோட்டை விளக்கில் பிடித்தாள், மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், பார்த்தார், குங்குமத்தைத் தொட்டார்.

"இது என்ன கறை?"

"சாமிக்கு வைப்பது."

அவர் அதை நோட்டைவிடச் சந்தேகமாகப் பார்த்தார். நோட்டு செல்லும், அதில் சந்தேகம் இல்லை என்றார். ஆனால் எனக்கு அங்கே கணக்கு இல்லை, அம்மாவின் கணக்கில் இந்த மாதிரி நோட்டைப் போட வேண்டுமென்றால் அம்மா அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி, கீழே புளோக்கில் இருக்கும் கோப்பிக்கடைக்கே தடியோடு போகிறவர். அதைச் சொன்னேன். "சக்கர நாற்காலி வைத்திருக்கிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதைக்கு எங்கேயும் குறைச்சலில்லை.

இந்த இடத்தில் என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். 2016 நவம்பர் 8 ராத்திரி, திருச்சியில் அவர் அரிசிப் பானைக்குள் வைத்திருந்த ஐநூறும் ஆயிரமும் வெறும் காகிதமான கதை எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது. வங்கி வரிசையில் நின்று கொஞ்சம் மாற்றினோம். கெடு முடிந்த பிறகு உளுந்து டப்பாவிலிருந்து கிளம்பியதை ஒன்றும் செய்ய முடியவில்லை. சிங்கப்பூரில் அப்படி இல்லை. 1967இல் வந்த ஆர்க்கிட் பூ நோட்டு இன்றைக்கும் செல்லும். பறவை நோட்டு, அதற்குப் பிறகு வந்த கப்பல் நோட்டு எல்லாம் செல்லும். புருணை நோட்டுகூட வெள்ளிக்கு வெள்ளி செல்லும், அதற்கும் 1967 ஒப்பந்தம் இருக்கிறது. எல்லாம் செல்லும். என் ஒரு நோட்டை வாங்கத்தான் ஆள் இல்லை!

மூன்றாம் நாள் தேக்காவுக்குக் கிளம்பினேன். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும்போதே மல்லிகை வாசம். பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளைத் தாண்டி, நான் வழக்கமாகப் போகும் மணி சேஞ்சர் கடைக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்துக் கடையும் அப்படியே. மணி ஒன்றேகால். வெள்ளிக்கிழமை. ஜும்மா! இதைக்கூட மறக்கும் அளவுக்கு மெல்பர்ன் என்னை ஆக்கிவிட்டது. சின்ன வயதில் அப்பா என்னைப் பணம் மாற்றுபவர்கள் இருந்த சேஞ்ச் ஆலிச் சந்தைக்குக் கூட்டிப் போவார், ஊருக்கு அனுப்ப ரூபாய் பார்க்க. "வெள்ளி மத்தியானம் மட்டும் போகாதே" என்பது அவர் சொன்ன முதல் பாடம். மூன்று கடையில் கேட்டுவிட்டு முதல் கடைக்கே திரும்பி வர வேண்டும் என்பது இரண்டாவது. அந்தச் சந்தை 1989இல் போய்விட்டது. காத்திருந்திருக்கலாம். மருதாணி வைக்கும் பெண் வீட்டுக்கு வருகிறாள் என்று அண்ணி போன் மேல் போன். திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை மறுபடியும் போனேன். அந்தக் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் அது மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத அகலம். கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், பக்கத்தில் உரிமம், சிவப்பு எழுத்தில் ஓடும் விகிதப் பலகை. பாய்க்கு எழுபது வயதுக்குக் குறையாது. கடையநல்லூர்ப் பக்கம். முதலில் என் ஐநூறு ஆஸ்திரேலிய டாலரைக் கொடுத்தேன். வாயால் ஒன்றும் சொல்லாமல் கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பினார். டாலருக்கு எண்பது காசும் சொச்சமும். 2012இல் இதே கடையில் ஒரு டாலருக்கு ஒன்றேகால் வெள்ளிக்கு மேல் வாங்கியிருக்கிறேன். பெருமூச்சு விட்டேன்.

"என்ன செய்யிறது தங்கச்சி, உங்க ஊரு காசு இளைச்சுப் போச்சு" என்றார். அப்படியும் விமான நிலையத்தில் பார்த்த விகிதத்தைவிட ஐநூறு டாலருக்குப் பதினைந்து வெள்ளி அதிகம்.

அப்புறம் கருடனை எடுத்து வைத்தேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். இயந்திரம் எதிலும் வைக்கவில்லை. கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவினார். குழல் விளக்குக்கு நேராகப் பிடித்து உள்ளே இருக்கும் சிங்கத் தலையைப் பார்த்தார். இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்க வாப்பா கல்லாவுல பார்த்தது. யார் வெச்சிருந்தாங்க?"

"அம்மா. செல்லுமா பாய்?"

"செல்லாம? இப்பவே ஆயிரம் எண்ணித் தரலாம். ஆனா நான் தர மாட்டேன்."

எனக்குத் திக்கென்றது. நான்கு நாள் அலைச்சலும் கண் முன்னால் வந்தது.

"பழைய நோட்டு சேர்க்கிறவங்க இருக்காங்க தங்கச்சி. ஆயிரத்துக்கு மேலயே கொடுப்பாங்க. எவ்வளவுன்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும். என்கிட்ட கொடுத்தா நான் வாங்கி அவங்ககிட்ட விப்பேன். அது சரியில்லை. அம்மா பொட்டு வெக்காம இருந்திருந்தா இன்னும் கூடக் கிடைச்சிருக்கும்."

நோட்டைப் பழைய கவருக்குள்ளேயே போட்டு, மடங்காமல் இருக்க ஒரு அட்டையையும் வைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. மெல்பர்னில் ஒரு காப்பிக்கு அட்டையைத் தட்டினால் தட்டியதற்கென்று தனியாக ஒன்றரை சதவீதம் பிடிக்கும் ஊரிலிருந்து வந்தவள், என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு முறை நன்றி சொன்னேன். "போங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கிது" என்றார்.

மாம்பழ நிறச் சேலையை என் சொந்தக் காசில் எடுத்தேன். ஐம்பது வெள்ளி நோட்டுகளாகக் கொடுத்தேன், அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வங்கி, இயந்திரம், பாய், குங்குமத்தால் விலை குறைவது வரைக்கும். அம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் காதில் வாங்கியிருக்கிறார்.

"ஆயிரத்துக்கு மேல போகுமா?"

"போகும்னாரு."

"அப்ப குடு இங்க."

பிஸ்கட் டின் சாமி அலமாரிக்குப் பின்னால் திரும்பிப் போனது. மெல்பர்னுக்குக் கிளம்பும் அன்று காலை, என் பேட்ஜை எடுத்துக்கொள்ளலாம் என்று டின்னைத் திறந்தேன். பாய் வைத்துக் கொடுத்த அட்டையை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, கருடனுக்கு இன்னொரு மூலையிலும் புதிதாகக் குங்குமம் வைத்திருக்கிறார்.