சால்டரிங் அயர்னா, ஹாட் ஏரா?

சர்க்யூட் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சின்னஞ்சிறு எஸ்எம்டி பாகங்களுக்கு வீட்டில் எதை வாங்குவது: சூடான முனையுள்ள சால்டரிங் அயர்னா, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியா?

செலவு: அயர்ன் மலிவு. ஹாட் ஏருக்கு சால்டர் பேஸ்ட்டும் (ஈயத்தூள் கலந்த பசை) வேண்டும். அது நாள்பட்டால் காய்ந்துவிடும்.

பழக: 0805 என்ற அளவு ரெசிஸ்டரின் நீளமே 2 மி.மீ.தான். அயர்னில் ஒரு பேடில் (பாகம் உட்காரும் உலோகத் திட்டு) மட்டும் ஈயம் வைத்து, அதை உருக்கியபடியே பாகத்தை ட்வீசரால் நகர்த்தி நிறுத்துங்கள். அப்புறம் மறுமுனை. ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவினால் ஈயம் தானே பேடில் பரவும். ஹாட் ஏரில் காற்றைக் குறைக்காவிட்டால் பாகம் பறந்துவிடும். ஆனால் பேஸ்ட் உருகும் நொடியில், கோணலாக இருந்த சிப் மெல்ல நகர்ந்து நேராவதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

கழற்ற: சந்தேகமே வேண்டாம், ஹாட் ஏர்தான்.

ரெசிஸ்டர், கெபாசிட்டர், கால்கள் வெளியே தெரியும் ஐசி சிப் என்றால் அயர்ன் போதும். அடியில் பேட் ஒளிந்திருக்கும் கியூஎஃப்என் சிப்புக்கு ஹாட் ஏர் வாங்குங்கள்.