நாலரை வருடமாக இந்த டேப்லெட்: என் கோபமெல்லாம் அந்தப் பச்சை டிக் மேல்தான்

"விலை நல்லா இறங்கியிருக்குடா. உன்கிட்ட இருக்கிற அதே மாடல்தான். வாங்கலாமா? அப்படியே நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணும் சொல்லு." நண்பன் இப்படிக் கேட்டு இரண்டு நாளாகிறது. ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

திரை, ஸ்பீக்கர், பேட்டரி பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாம் உண்மைதான். நாலரை வருடத்தில் திரையில் ஒரு கோடு விழவில்லை. பேட்டரி இன்றும் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. இரண்டு முறை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பொருளைச் செய்தவர்கள் மனதோடு செய்திருக்கிறார்கள்.

என் பிரச்சினை வேறு. அமைப்புகளைத் திறந்து, 'டேப்லெட் பற்றி' என்பதற்குள் போய், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு வரி வரும், பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். என்னுடையதில் 2024 மார்ச் 1. அன்றோடு நின்றுவிட்டது. ஆனால் மென்பொருள் புதுப்பிப்புப் பக்கத்துக்குப் போய் 'சரிபார்' என்று அழுத்தினால், வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பச்சை டிக் ஒன்று வந்து நிற்கும்: 'உங்கள் டேப்லெட் புதுப்பித்த நிலையில் உள்ளது.' ஒவ்வொரு மாதமும் அழுத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாதமும் அதே டிக், அதே வாக்கியம்.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. வீடியோ வைத்த ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும், கருவிக்குள் நுழைந்துவிடலாம் என்கிற அளவுக்கு மோசம். அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் கூகுள் மாதாமாதம் ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. எந்தெந்த ஓட்டை, எவ்வளவு ஆபத்து என்று பட்டியலும் போடுகிறார்கள். நம் கருவியைத் தயாரித்த நிறுவனம் அதை எடுத்து, தன் மென்பொருளோடு பொருத்தி அனுப்பினால்தான் திருத்தம் நம் கைக்கு வரும். அவர்கள் நிறுத்திவிட்டால் பட்டியல் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அடைத்த ஓட்டைகளில் என் டேப்லெட்டில் இருப்பவை இன்னும் திறந்தே கிடக்கின்றன. எங்கே திறந்திருக்கிறது என்பது படிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. எல்லாக் கதவும் திறந்து கிடக்கவில்லை. க்ரோம் உலாவியும், மற்ற செயலிகள் தங்களுக்குள் வலைப்பக்கம் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூவும் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10இலிருந்து இயங்குதளத்தின் சில பகுதிகளும் அதே வழியில் வருகின்றன. இணையத்திலிருந்து வரும் ஆபத்து பெரும்பாலும் உலாவி வழியாகத்தான் நுழையப் பார்க்கும், ஆகவே இது சின்ன விஷயமில்லை. ஆனால் இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல், சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் போன்றவற்றுக்கு நிறுவனம்தான் கதி. உலாவியும் என்றைக்கும் கூட வராது. 2025இல் வந்த க்ரோம் 139 ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் கைவிட்டது. என்னுடையது 12. இன்னும் வண்டி ஓடுகிறது.

இனி ஆன்டிவைரஸ் கேள்வி. இதற்கு அம்மாவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த டேப்லெட்டை என்னைவிட அதிகம் வைத்திருப்பது அம்மாதான். போன வருடம் ஒரு வாரம் முழுக்க அது மேசையில் கவிழ்த்துப்போட்டபடியே கிடந்தது, மேலே ஒரு துண்டு வேறு. ஏன் தொடவே இல்லை என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, கண்ணு வலிக்குது" என்றார். இரண்டாவது முறை கேட்டபோதுதான் குரல் இறங்கியது. "நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்ப்பா. வைரஸ் வந்துடுச்சுன்னு அதுவே சொல்லுது."

எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே இழுத்தால் வரிசையாகப் பதினோரு அறிவிப்புகள். சிவப்புக் கேடயம், ஆச்சரியக்குறி, 'உங்கள் சாதனத்தில் 13 வைரஸ்கள்', 'உடனே சுத்தம் செய்யவும்'. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது வந்து விழுந்தது.

அப்போது எனக்கும் சரியாகப் புரியவில்லை, பதற்றத்தில் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டேன். அது முழுதும் சோதித்து 'பாதுகாப்பாக உள்ளது' என்றது. அடுத்த நிமிடம் பதின்மூன்றாவது அறிவிப்பு. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டுத்தான் ஓடும். ஒன்றின் அறைக்குள் இன்னொன்று எட்டிப்பார்க்க முடியாது, ஆன்டிவைரஸுக்கும் அதே விதிதான். என்னென்ன செயலிகள் இருக்கின்றன, பொதுக் கோப்புகளில் என்ன கிடக்கிறது என்பதைத்தான் அதனால் பார்க்க முடியும். அந்த வேலையை 2017இலிருந்தே கூகுளின் சொந்தச் சோதனை வசதியான பிளே புரொடெக்ட் செய்துகொண்டிருக்கிறது. போதாததற்கு நான் போட்ட ஆன்டிவைரஸ், பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு உதவும் செயலிகளுக்காக வைத்திருக்கும் அணுகல்தன்மை அனுமதியையும் கேட்டது. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கலாம், நமக்குப் பதில் தானே பொத்தானை அழுத்தலாம். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் கள்ளச் செயலிகள் முதலில் கேட்பதும் அதைத்தான். அன்றைக்கே நீக்கிவிட்டேன்.

பிறகு நிதானமாக ஓர் அறிவிப்பை உற்றுப் பார்த்தேன். சிவப்புக் கேடயத்துக்கு மேலே, சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், க்ரோம் என்றும் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயரும் இருந்தன. அவ்வளவுதான் விஷயம். டேப்லெட்டில் வைரஸே இல்லை. அம்மா ஒரு பழைய நாவலின் பிடிஎஃப் தேடிப் போன பக்கத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்தவும்' என்று இருந்திருக்கிறது. அவர் அழுத்தியது அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. அதற்கப்புறம் பக்கத்தை மூடினாலும் உலாவியை மூடினாலும் அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். க்ரோமின் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். மொத்தமாக அணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரமாக அம்மா பயந்துகொண்டிருந்ததற்கு மருந்து ஒரே ஒரு சுவிட்ச்.

'சுத்தம் செய்யவும்' என்பதை அவர் தொட்டிருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, இறங்கியிருக்கும். ஆண்ட்ராய்டு 8இலிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதி செயலிக்குச் செயலி தனியாகத்தான் கொடுக்க வேண்டும். க்ரோமுக்கு நான் கொடுத்து வைக்கவில்லை, அந்த வகையில் தப்பித்தோம். ஆண்ட்ராய்டு 13இல் இன்னொரு பூட்டும் வந்தது. இப்படி வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை அனுமதி எளிதில் கிடைக்காது. எங்கள் டேப்லெட்டை 12லேயே நிறுத்திவிட்டார்கள். இதை எழுதும்போதே மறுபடி கோபம் வருகிறது.

நல்லதாக ஒன்று சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். இந்த டேப்லெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களை வைத்துக்கொள்ளலாம். 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 வந்தபோதே டேப்லெட்டுகளுக்குக் கிடைத்த வசதி, எல்லா நிறுவனமும் கொடுப்பதில்லை, இவர்கள் கொடுத்தார்கள். அன்றே அம்மாவுக்குத் தனிப் பயனர் திறந்தேன். அவருடைய பூட்டு, அவருடைய படங்கள், பெரிய எழுத்து. என் மின்னஞ்சலோ கடவுச்சொற்களோ அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. திருத்தம் வராத கருவியில் பணம் புழங்கக் கூடாது என்பதால் வங்கிச் செயலியை இதிலிருந்து முழுசாக எடுத்துவிட்டேன். "இது எனக்குன்னே இருக்கா?" என்று அம்மா கேட்டபோது முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே இதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கடவுச்சொற்களைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பும் கடவுச்சொல் மேலாளரையும் பழக்கியிருக்கிறேன். போலித் தளம் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம்கூட இருக்கும். நடுவில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பு மறையாக்கம் ஆகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பூட்டுக்கு அர்த்தம் கிடையாது, க்ரோமே 2023இல் அதை எடுத்துவிட்டது. மேலாளர் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். ஒருமுறை வழக்கமான பக்கம்போலவே ஒன்று திறந்து, கட்டம் காலியாகவே நின்றது. அப்புறம்தான் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனித்தேன்.

ஆக, திரும்பவும் அந்தப் பச்சை டிக்குக்கே வருகிறேன். வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'உங்கள் சாதனம் சமீபத்திய பதிப்பில் உள்ளது' என்றுதான் பதில். 'இந்த மாடலுக்கு இனித் திருத்தம் வராது' என்று ஒரு வரி எழுத என்ன தடை? அம்மாவைப் பயமுறுத்தியவன் இல்லாத ஆபத்தைக் கத்திச் சொன்னான். இவர்கள் இருக்கிற ஆபத்தை இல்லை என்று பச்சை நிறத்தில் சொல்கிறார்கள். கத்தியவனை ஒரு சுவிட்சில் அடக்கிவிட்டேன். இதை அணைக்க எந்தச் சுவிட்சும் இல்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. 2023இல் தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் புதுப்பிப்பு என்று கூகுள் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் புதுப்பிப்பு இருக்க வேண்டும் என்கிறது.

டேய், உனக்கு நேராகவே சொல்கிறேன். இந்த மாடலை வாங்காதே. இது வெளிவந்தது 2021இல், திருத்தம் வரும் வருடக் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. நீ இன்று பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது 2024 மார்ச்சில் நின்ற தேதிதான். விலை இறங்கியிருக்கிறது என்றால் இதற்கும் சேர்த்துத்தான் இறங்கியிருக்கிறது. வேறு எதைப் பார்த்தாலும், வெளிவந்த மாதத்தையும் எந்த வருடம் வரை பாதுகாப்புத் திருத்தம் என்று எழுத்தில் கொடுத்திருப்பதையும் எனக்கு அனுப்பு. ஆன்டிவைரஸுக்குக் காசு போடாதே.

எங்கள் டேப்லெட்டை மாற்றப்போகிறேனா என்றால், இல்லை. க்ரோம் இதைக் கைவிடும் வரை அம்மாவிடமே இருக்கும். அதற்கப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த நாவல்களை எல்லாம் உள்ளே ஏற்றிக் கொடுத்துவிடுவேன். இப்போதே தேடித்தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், நாற்பத்தியிரண்டு ஆகியிருக்கிறது.