பெடல்கள் ஆம்புக்கு முன்னாலா, லூப்புக்குள்ளா?

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் வாங்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வரிசையை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: டியூனர், வா (ஒலியை ‘வா-வா’ என்று வளைப்பது), ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் (இரண்டும் ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்குபவை), கோரஸ் (ஒலியைத் தடிப்பாக்குவது), டிலே (எதிரொலி), கடைசியில் ரிவர்ப் (அறை முழக்கம்). வரிசை சரிதான். ஆனால் அந்த வரிசையில், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆம்புக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலில் ப்ரீஆம்ப், அங்கேதான் கெயினும் (சிக்னலை ஏற்றும் அளவு, மிகுந்தால் ஒலி நசுங்கும்) டோனும். அடுத்தது பவர் ஆம்ப், அது ஸ்பீக்கரை ஓட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பின்பக்கமாகத் திறந்திருக்கும் வாசல்தான் எஃபெக்ட்ஸ் லூப். செண்ட் வழியாக வெளியே போகும் ஒலி ரிட்டர்ன் வழியாக உள்ளே வரும்.

ஆக, வழிகள் இரண்டு. பெடல்கள் அனைத்தையும் ஆம்பின் முன்வாசலில் வைக்கலாம். அல்லது வா, ஓவர்டிரைவ் வகையறாவை முன்னால் வைத்து, டிலே, ரிவர்ப், கோரஸ் மூன்றையும் லூப்புக்கு அனுப்பலாம். இரண்டாவதற்கு நான்கு நீளக் கேபிள்கள் தேவைப்படும். எது உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் டிஸ்டார்ஷன் எங்கே பிறக்கிறது, பெடலிலா ஆம்பிலா என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே முடிவாகும்.

காதால் கேட்டுப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆம்பின் கெயினை நன்றாக ஏற்றிவிட்டு, டிலே பெடலை அதன் முன்னால் வையுங்கள். நேரம் 400 மில்லிசெகண்ட், எதிரொலியின் அளவு பாதி. மூன்றாவது கம்பியைத் திறந்தபடி மீட்டுங்கள், அது ஜி, 196 ஹெர்ட்ஸ். அதன் எதிரொலி திரும்பி வரும் நொடியில் அதே கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை மீட்டுங்கள், அது ஏ, 220 ஹெர்ட்ஸ். சுத்தமான ஆம்பில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கெயின் ஏறிய வால்வு ப்ரீஆம்பில் அப்படி நடக்காது. இரண்டு ஒலிகள் சேர்ந்து நசுங்கும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாக முளைக்கின்றன. 196-உம் 220-உம் சேர்ந்தால் 416. அது ஏறக்குறைய ஜி ஷார்ப், நீங்கள் வாசிக்காத சுரம். கழித்தால் 24 ஹெர்ட்ஸ், கீழே ஓர் உறுமல். போதாததற்கு, பாதி அளவில் வைத்த எதிரொலியையும் டிஸ்டார்ஷன் தூக்கி நிறுத்திவிடுகிறது. நேரடி ஒலியும் எதிரொலியும் ஒரே உச்சியில் மோதி நிற்பதால், எதிரொலி தேய்ந்து மறைய மறுக்கிறது. ‘டிலே போட்டால் சேறாகிவிடுகிறது’ என்று பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பெடலில் குறையில்லை, அது நிற்கும் இடம் தவறு. அதே பெடலை லூப்புக்கு மாற்றினால், முதலில் நசுங்கிய ஒலி கிடைக்கும், பிறகு அந்த முழு ஒலியும் தெளிவாகத் திரும்பத் திரும்ப வரும்.

இதைப் படித்ததும் லூப்தான் சிறந்தது என்று தோன்றும். நம் மேடைகளை யோசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்பாடியிலிருந்து குடியாத்தம், ஆம்பூர் வரை கன்வென்ஷன் கூட்டங்களிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிப்பவர்களில் சொந்த ஆம்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு. சவுண்டு சர்வீஸ்காரர் என்ன இறக்குகிறாரோ அதில்தான் வாசிக்க வேண்டும். அது ரோலண்டின் ஜேசி-120 ஆக இருக்கலாம். 1975-இல் வந்த அந்த ஆம்ப் சுத்தமான ஒலிக்கே பேர் போனது. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியராக இருந்தால் லூப்பே கிடையாது. இத்தகைய சுத்தமான ஆம்புக்கு முன்னால் உங்கள் டிஸ்டார்ஷன் பெடலும் அதற்குப் பின் டிலேயும் இருந்தால், டிஸ்டார்ஷன் பிறந்த பிறகுதான் டிலே வருகிறது. லூப் தரும் அதே தெளிவு லூப் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. இங்கே முன்வாசல் முறைக்கே என் ஓட்டு. ஒரு கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. எந்த ஊர் ஆம்பாக இருந்தாலும் ஒலியின் குணம் பெரிதாக மாறாது. ஆராதனைப் பாடலுக்கு நிமிடத்துக்கு 75 தட்டு என்றால், புள்ளி வைத்த எட்டாம் பங்கு (முக்கால் தட்டு) டிலேவுக்கு 600 மில்லிசெகண்ட். அந்தக் கணக்கைக் கூட வீட்டிலேயே பெடலில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

லூப் வெல்லும் இடம் வேறு. வீட்டிலோ பயிற்சி அறையிலோ நல்ல வால்வு ஆம்ப் சொந்தமாக இருந்து, அதன் கெயின் சேனலை நீங்கள் நேசித்தால், லூப்பைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிலேக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிக்னலை உயர்த்தும் பூஸ்ட் பெடலை முன்னால் வைத்தால் ஒலி கூடுவதில்லை, நசுக்கல்தான் கூடுகிறது. அதையே லூப்பில் வைத்தால் குணம் மாறாமல் ஒலி மட்டும் உயரும். தனி வாசிப்பு கூட்டத்தில் அமுங்கிப் போகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். வால்யூம் பெடலும் அப்படியே. முன்னால் இருந்தால் கெயினைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கும், லூப்பில் இருந்தால் சத்தத்தை மட்டும் குறைக்கும்.

லூப்புக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சில ஆம்ப்களின் செண்ட், மிக்சர்களுக்கு ஏற்ற உயர்ந்த அளவில் ஒலியை அனுப்பும். கிட்டாரின் சின்ன சிக்னலுக்காகச் செய்த பெடல் அதைத் தாங்காமல் கரகரக்கும். பின்பக்கம் அளவை மாற்றும் சுவிட்ச் இருந்தால் தாழ்த்தி வையுங்கள். இன்னொன்று, லூப் பேரலலாக (ஒலியின் ஒரு பங்கு மட்டும் பெடலுக்குப் போகும் வகை) இருந்தால் பெடலின் மிக்ஸை முழுக்க எதிரொலிப் பக்கம் திருப்பிவிட வேண்டும். நேரடி ஒலி ஆம்புக்குள் தனியே போய்க்கொண்டிருப்பதால், பெடலிலிருந்தும் அது வந்தால் ஒலி மெலிந்து ஓட்டையாகும். பவர் வால்வுகளை உச்சத்தில் ஏற்றி வாசிக்கும் பழைய பாணிக்காரருக்கு லூப் உதவாது, ஏனென்றால் நசுக்கல் லூப்பையும் தாண்டிப் பின்னால்தான் நடக்கிறது. நம் மண்டபங்களில் அந்தச் சத்தத்துக்கு யாரும் அனுமதிக்கப் போவதில்லை.

கேபிள் நீளம் இரண்டு முறைகளையும் பாதிக்கிறது. கிட்டார் கேபிளின் மின்தேக்குதிறன் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், கிட்டாரிலிருந்து பெடலுக்கு 6 மீட்டர், பெடலிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், மொத்தம் 1200. எல்லாப் பெடல்களும் ட்ரூ பைபாஸ் (அணைத்திருக்கும்போது சிக்னலைத் தொடாமல் நேராக விடும் வகை) ஆக இருந்தால் இந்தச் சுமை முழுவதும் கிட்டாரின் பிக்கப்பின் மேல் விழுந்து மேல் ஒலிகளைத் தின்றுவிடும். நடுவில் பஃபர் (சிக்னலுக்குப் பலம் கொடுத்து அனுப்பும் சுற்று) உள்ள ஒரு பெடல் போதும், 1977 முதல் பாஸ் நிறுவனம் விற்றுவரும் சின்னப் பெடல்களைப் போல. பழைய ஃபஸ் ஃபேஸ் வகை டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் பஃபருக்கு முன்னால் கிட்டாரை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும்.

இரைச்சலில் லூப் முறைதான் அதிகம் தோற்கிறது. நான்கு கேபிள்கள் ஆம்புக்கும் பெடல் பலகைக்கும் நடுவே எர்த்தில் ஒரு வளையத்தை உண்டாக்கும், அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாக முனகும். ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்து எல்லாப் பெடல்களுக்கும் 9 வோல்ட் கொடுத்தால் முனகல் இன்னும் ஏறும். தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை விலை அதிகம்தான், ஆனால் இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். கத்திரி வெயிலில் பாலாறே வெறும் மணலாகக் கிடக்கும்போது மண்டபத்தின் எர்த் குழியும் வறண்டுதான் போயிருக்கும். நிகழ்ச்சிக்கு முன்பே அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். முனகல் நிற்கிறதே என்று ஆம்ப் பிளக்கின் மூன்றாவது முள்ளை மட்டும் யாரும் துண்டிக்கக் கூடாது. கிட்டாரின் இரும்புக் கம்பியைத் தொட்டபடி, மைக்கில் உதடு படப் பாடுகிறவரின் உயிர் அந்த முள்ளை நம்பியிருக்கிறது.

மூன்றாவது வழியாக, பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டி செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் இருக்கிறது. ப்ரீஆம்பும் டிலேயும் ஒரே பெட்டிக்குள் சரியான வரிசையில் அமைந்துவிடும், மிக்சருக்கு ஒரே கேபிள். பவனிகளில் வண்டி மேல் நின்று வாசிப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. விரல் அழுத்தத்துக்கு ஒலி பதில் சொல்லும் விதம் நல்ல வால்வு ஆம்பில்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது. அந்தப் பெட்டியை ஆம்பில் மாட்டுவதானால் முன்வாசலில் செருகாமல் பின்பக்க ரிட்டர்னில் செருகி, பெட்டிக்குள் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் ஒலி இன்னொரு ஸ்பீக்கர் வழியாக வந்து மங்கிப்போகும்.